குழந்தைகளுக்காக ஒரு பேரணி: திருவனந்தபுரத்தில் நடக்கப் போகிறவர்கள் எதைக் கேட்க வேண்டும்?

'ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையத்தில் கூடுகிறோம். தலைமைச் செயலகம் வரை நடக்கிறோம். குழந்தைகளுக்காக நீங்களும் வாங்க.'

திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வாட்ஸ்அப்பில் வருவது புதிதல்ல. ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள், ஜூலை 30 ஆள்கடத்தல் எதிர்ப்பு நாள், நவம்பர் 14 குழந்தைகள் தினம் என்று வருஷத்தில் நாலைந்து தேதிகள் இதற்கென்றே இருக்கின்றன. நடுவில் ஏதாவது ஒரு கொடூரமான செய்தி வந்துவிட்டால் தேதியே தேவையில்லை, மறுநாளே மெழுகுவர்த்தி ஏந்தி எம்.ஜி. சாலையில் கூட்டம் நிற்கும். பாளையத்திலிருந்து தலைமைச் செயலகம் கால் மணி நேர நடைதான். கேரளத்தில் எந்தக் கோரிக்கையும் கடைசியில் வந்து சேரும் இடம் அது.

போகலாமா, வேண்டாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் போவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பேரணி யாரிடம், என்ன கேட்கிறது? 'குழந்தைகளைக் காப்போம்' என்பதை எதிர்க்க ஊரில் ஆளே கிடையாது. யாரும் எதிர்க்காத கோஷத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு நடந்த பேரணிகள்தான் இந்த விஷயத்தில் ஏதாவது சாதித்திருக்கின்றன.

2017-ல் இதே ஊர் வழியாகப் போன நடைப்பயணம் என்ன ஆச்சு?

2017 செப்டம்பர் 11. கன்னியாகுமரி விவேகானந்தர் பாறையிலிருந்து 'பாரத் யாத்ரா' புறப்பட்டது. நடத்தியவர் கைலாஷ் சத்யார்த்தி, 2014-ல் மலாலாவுடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக்கும் குழந்தைக் கடத்தலுக்கும் எதிரான பயணம். திருவனந்தபுரம் உட்பட நாடு முழுக்க ஊர் ஊராகப் போய், சுமார் 11,000 கிலோமீட்டர் கடந்து, அக்டோபர் 16-ம் தேதி டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையில் முடிந்தது. மாணவர்கள், மீட்கப்பட்ட குழந்தைகள், அமைச்சர்கள், நீதிபதிகள், சாமியார்கள், மௌலவிகள், பாதிரியார்கள் எல்லோரும் நடந்தார்கள்.

அதன் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று, ஆள்கடத்தலுக்கென்று தனிச் சட்டம். 2018 ஜூலை 26-ம் தேதி ஆள்கடத்தல் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. ஆக, நடந்தது வீண் போகவில்லை என்று அப்போது தோன்றியது. ஆனால் மாநிலங்களவையில் மசோதா எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. 2019 தேர்தலுக்காக மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியாகிவிட்டது. 2021-ல் புதிய வரைவு ஒன்று வெளியானது. அதுவும் சட்டமாகவில்லை.

மசோதா கிடப்பில் போனதற்கு அரசின் அலட்சியம் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தானாக முடிவெடுத்து வேலைக்குப் போகும் பெரியவர்களையும், ஏமாற்றி விற்கப்படுபவர்களையும் அது ஒரே கூடையில் போடுகிறது, 'மீட்பு' என்ற பெயரில் விடுதிகளில் அடைத்து வைக்க வழிசெய்கிறது என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகளும் சில வழக்கறிஞர்களும் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. 'சட்டம் வேண்டும்' என்ற கோரிக்கைக்குள் 'எப்படிப்பட்ட சட்டம்?' என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. சாலையில் போடும் கோஷத்தில் அது அடங்காது.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு நடை

அதே சத்யார்த்தி 1998-ல் நடத்திய பயணத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அந்த ஆண்டு ஜனவரி 17-ம் தேதி பிலிப்பைன்ஸின் மணிலாவில் தொடங்கிய 'குழந்தைத் தொழிலுக்கு எதிரான உலக நடைப்பயணம்' கண்டங்களைக் கடந்து ஜூன் மாதம் ஜெனீவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏன் ஜெனீவா? ஏன் ஜூன்? சர்வதேச தொழிலாளர் அமைப்பின் ஆண்டு மாநாடு அங்கேதான், அப்போதுதான் நடக்கும். குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களைத் தடைசெய்யும் ஒப்பந்தம் ஒன்று அந்த மாநாட்டின் மேசையில் விவாதத்துக்கு வந்திருந்தது. நடந்துவந்த குழந்தைகள் நேராக அந்த மண்டபத்துக்குள்ளேயே போனார்கள். அடுத்த ஜூனில் ஒப்பந்தம் 182 ஒருமனதாக நிறைவேறியது. 2020 ஆகஸ்டில், அந்த அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட முதல் தொழிலாளர் ஒப்பந்தம் என்ற இடத்தையும் அது பிடித்தது.

இந்தியா எப்போது ஏற்றுக்கொண்டது தெரியுமா? 2017 ஜூனில். ஒப்பந்தம் பிறந்து 18 ஆண்டுகள் கழித்து, பாரத் யாத்ரா புறப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னால். குழந்தைகளுக்காகப் பேசும்போது எல்லா அரசுகளும் உருகும். கையெழுத்துப் போடும் நேரம் வந்தால்தான் ஆற அமர யோசிக்கும்.

யாரைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறோம்?

பேரணிப் பதாகைகளில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. இருட்டில் ஒரு முரட்டுக் கை, அதில் சிக்கிய சின்னக் கை. பார்த்ததும் புரியும், ஆனால் படம் சொல்வது பெரும்பாலும் பொய்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். போக்சோ சட்டத்தின் கடுமையான பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், ட்யூஷன் வாத்தியார், குடும்ப நண்பர், காதலிப்பதாகச் சொன்னவர். 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி வெளியிட்ட ஆய்வில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதிலும் ஏறத்தாழ பாதி, குழந்தை நம்பிய மனிதர்களிடமிருந்து வந்தது. ஆண் குழந்தைகள், பெண் குழந்தைகள் இருவரும் அதில் இருந்தார்கள். 'நம்ம பையன்தானே, அவனுக்கு என்ன?' என்று நினைக்கும் வீடுகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

வெளியாள் செய்வதே இல்லையா என்றால், செய்கிறார்கள். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் பேட்டை பகுதியில், சாலையோரத்தில் பெற்றோருடன் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை நள்ளிரவில் காணாமல் போனது. வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த நாடோடிக் குடும்பம். ஊரே தேடியது. மறுநாள் இரவு கொச்சுவேளி ரயில் நிலையத்துக்கு அருகே குழந்தை உயிரோடு கிடைத்தது. அடுத்த மாதம் ஒருவர் கைதானார். அந்தக் குழந்தையின் வீட்டுக்குச் சுவர் இல்லை, கதவு இல்லை என்பது இந்த வழக்கில் பெரிய தகவல். அந்த இரவு கிடைத்த நிம்மதிக்குப் பிறகு, இந்த நகரத்தில் சாலையோரம் தூங்கும் மற்ற குழந்தைகள் எங்கே தூங்குகிறார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

வெளியாள் பயத்தை மட்டும் ஊதிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2018 தொடக்கத்தில் கேரளத்தில் வீட்டு ஜன்னல்களில் கறுப்பு ஸ்டிக்கர்கள் தென்படுகின்றன, பிள்ளை பிடிக்கிறவர்கள் அடையாளம் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப் முழுக்கப் பீதி. கடைசியில் அவை கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கக் கடைகளில் ஒட்டும் ரப்பர் துண்டுகள் என்று தெரிந்தது. அதற்குள் பிச்சை எடுப்பவர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் பல இடங்களில் அடி வாங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அது கொலையில் முடிந்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. காரில் இருந்த 65 வயது அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். 'பிள்ளை பிடிக்கிற கும்பல்' என்று ஊர் திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் அடித்தார்கள்.

அதனால் உங்கள் கையில் கொடுக்கப்படும் அட்டையில் 'அந்நியர்களிடமிருந்து குழந்தைகளைக் காப்போம்' என்று எழுதியிருந்தால், வேறு அட்டை கேளுங்கள்.

'கடத்தல்' என்றால் உண்மையில் என்ன?

தமிழில் இந்தச் சொல்லே கொஞ்சம் குழப்பம் தருகிறது. வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதும் கடத்தல், தங்கம் கொண்டுவருவதும் கடத்தல். சட்டம் பேசும் ஆள்கடத்தல் பெரும்பாலும் சத்தமில்லாமல் நடப்பது. சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை ஆள்சேர்ப்பது, அழைத்துப் போவது, அடைக்கலம் கொடுப்பது, கைமாற்றுவது எல்லாம் அதில் அடங்கும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. இந்தியா 2011-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா.வின் பலர்மோ உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால், மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்பதைக் கூட நிரூபிக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்து உதாரணம் சொன்னால் இன்னும் தெளிவாகும். மதுரை, தேனி மாவட்டக் கிராமங்களிலிருந்து வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குப் போன பையன்களை யாரும் இருட்டில் தூக்கிப் போகவில்லை. ஊருக்குத் தெரிந்த ஏஜென்ட் பகலில் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, காப்பி குடித்து, முன்பணம் கொடுத்து, பஸ் ஏற்றிக் கூட்டிப் போனார். அடுப்படியில் பதினாறு மணி நேர வேலை என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். டெல்டா மாவட்டங்களில் ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் சில ஆயிரம் ரூபாய்க்கு விடப்பட்ட சிறுவர்களின் கதையும் இதுதான். கேரள வீடுகளுக்கு 'கூட இருந்து ஒத்தாசை செய்ய' அனுப்பப்பட்ட தமிழ்ச் சிறுமிகளின் கதையும் இதுதான். 'நல்லா சாப்பாடு போடுவாங்க, படிக்கவும் வைப்பாங்க' என்பது மூன்றிலும் பொதுவான வாக்குறுதி.

எல்லாப் பயணமும் கடத்தல் அல்ல என்பது இதன் மறுபக்கம். 2014 மே மாதம் பாலக்காடு ரயில் நிலையத்தில், ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்கத்திலிருந்து கேரள அநாதை விடுதிகளுக்கு அழைத்துவரப்பட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறக்கப்பட்டார்கள். பலரிடம் டிக்கெட் இல்லை, உரிய ஆவணங்கள் இல்லை. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக சிபிஐக்குப் போனது. பல ஆண்டுகள் விசாரித்த பிறகு, இலவசப் படிப்புக்காக வந்தார்கள், கடத்தலுக்கு ஆதாரமில்லை என்ற முடிவுக்கு சிபிஐ வந்தது. அப்போது பேசப்பட்டதில் பாதி, குழந்தைகளைப் பற்றியே இல்லை. விடுதியை நடத்தியது எந்த மதத்தினர் என்பதைப் பற்றித்தான் இருந்தது. படிக்கப் பள்ளிக்கூடம் தேடி ஒரு குழந்தை ஏன் இரண்டாயிரம் கிலோமீட்டர் ரயிலில் வர வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

'தூக்கில் போடு' என்ற கோஷம்

பேரணிகளில் அதிகம் எழும் கோஷம் இதுதான். கோபம் புரிகிறது. சட்டமும் அந்தத் திசையில் போயாகிவிட்டது. 2018-ல் 12 வயதுக்குட்பட்ட சிறுமி மீதான வன்புணர்வுக்கு மரண தண்டனை வரை விதிக்க வழிசெய்யப்பட்டது. 2019-ல் போக்சோ சட்டத்திலேயே அது சேர்ந்தது. ஆக, இந்தக் கோரிக்கையோடு தலைமைச் செயலகத்துக்குப் போனால், 'அதான் ஏற்கெனவே இருக்கே' என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

தண்டனை குறைவு என்பதால் வழக்குகள் தோற்கவில்லை. வாளையாறை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு எல்லையிலேயே இருக்கும் ஊர், கோயம்புத்தூரிலிருந்து கூப்பிடு தூரம். 2017 ஜனவரியில் 13 வயதுச் சிறுமி வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். பாலியல் துன்புறுத்தலுக்கான அறிகுறி பிரேதப் பரிசோதனையில் இருந்தும் போலீஸ் வேகம் காட்டவில்லை. மார்ச் மாதம் அவருடைய 9 வயதுத் தங்கையும் அதே நிலையில். 2019 அக்டோபரில் பாலக்காடு போக்சோ நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. கேரளமே தெருவுக்கு வந்தது, திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன்னும் போராட்டம் நடந்தது. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. போலீஸ் விசாரணையும் அரசுத் தரப்பு வாதமும் எவ்வளவு மோசமாக நடந்தன என்பதையும் கடுமையாகச் சொன்னது. பிறகு வழக்கு சிபிஐ கைக்குப் போய் மேலும் பல திருப்பங்களைக் கண்டது. தூக்குத் தண்டனை புத்தகத்தில் இருந்திருந்தால் இதில் எந்த இடம் மாறியிருக்கும்? ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் மாறியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. குற்றவாளி சித்தப்பாவாகவோ தாத்தாவாகவோ இருக்கும் வீட்டில், 'சொன்னால் அவரைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்' என்ற பயம் குழந்தையின் வாயைத்தான் முதலில் அடைக்கும். பெரியவர்களே 'குடும்ப மானம் போயிடும், விட்டுடு' என்பார்கள். தண்டனை கனமாக ஆக, புகார் கொடுக்கும் கை தயங்கும்.

கேரளத்தில் 2022-லும் 2023-லும் ஆண்டுக்கு 4,500-க்கும் மேல் போக்சோ வழக்குகள் பதிவாகின. இதைக் காட்டி 'கேரளம் கெட்டுப்போச்சு' என்பவர்கள் உண்டு. பள்ளிகளில் கவுன்சலர்கள் இருப்பதும், குழந்தைகள் வாய் திறப்பதும் இந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம். புகார் குறைவாக இருக்கும் மாநிலத்தில் குழந்தைகள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவான வழக்கு அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

சட்டமே தேதி குறித்திருக்கிறது. விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும். முடிந்தவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும். சீருடை இல்லாத அதிகாரி, குழந்தைக்கு விருப்பமான இடத்தில் வாக்குமூலம் வாங்க வேண்டும், திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது. ஆறு வயதில் நடந்ததை ஒன்பது வயதில் கூண்டில் நின்று சொல்லச் சொன்னால், எந்தக் குழந்தைதான் தேதி மாறாமல் சொல்லும்? அந்தத் தடுமாற்றத்தில்தான் எதிர்த்தரப்பு வக்கீல் ஜெயிக்கிறார்.

குழந்தையோடு போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லா இடத்துக்கும் கூட வர ஓர் 'ஆதரவு நபர்' வேண்டும் என்று போக்சோ விதிகள் சொல்கின்றன. பல மாநிலங்களில் இது காகிதத்தோடு நின்றதால், சத்யார்த்தி தொடங்கிய 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஆகஸ்டில் ஆதரவு நபர்களை நியமிக்கவும், பயிற்சி கொடுக்கவும், சம்பளம் கொடுக்கவும் மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது. இதே அமைப்பின் வழக்கில்தான் 2013-ல், காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரிலும் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. 11,000 கிலோமீட்டர் நடையைவிட இந்த இரண்டு தீர்ப்புகள் அதிகக் குழந்தைகளைத் தொட்டிருக்கும் என்பது என் கணிப்பு. நடை நடந்ததால்தான் அந்த அமைப்பின் குரலுக்குக் கனம் வந்தது என்று வாதிட்டால், அதையும் மறுக்க மாட்டேன்.

ஆகவே தலைமைச் செயலகத்துக்கு முன் நிற்கும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் ஓராண்டைத் தாண்டி நிற்கும் போக்சோ வழக்குகள் எத்தனை? தடயவியல் ஆய்வு முடிவு வராமல் தேங்கியவை எத்தனை? எத்தனை குழந்தைகளுக்கு ஆதரவு நபர் இருக்கிறார்? இடைக்கால இழப்பீடு எத்தனை பேருக்குக் கைக்குப் போய்ச் சேர்ந்தது? அரசு விடுதிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். 2024 டிசம்பரில் இதே நகரத்தில், தைக்காட்டில் உள்ள மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சிலின் காப்பகத்தில், படுக்கையை நனைத்ததற்காக இரண்டரை வயதுக் குழந்தையைக் காயப்படுத்தியதாக ஆயாக்கள் மூன்று பேர் கைதானார்கள். காணாமல் போகும் குழந்தையையும் கைவிடப்பட்ட குழந்தையையும் நாம் கொண்டுபோய் விடும் இடங்களில் ஒன்று அது.

அழைப்பது யார்?

2018 ஏப்ரல் 16-ம் தேதி கேரளத்தில் ஒரு ஹர்த்தால் நடந்தது. கட்சி இல்லை, சங்கம் இல்லை, கையெழுத்து இல்லை. கத்துவா சிறுமிக்கு நீதி கேட்டு வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு செய்தி, அவ்வளவுதான். வட கேரளத்தில் கடைகள் உடைந்தன, பஸ்கள் மீது கல் விழுந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். செய்தியைக் கிளப்பிய குழுக்களைத் தேடிப்போன போலீஸ், திருவனந்தபுரம், கொல்லம் பகுதிகளைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பிடித்தது. மதக் கலவரம் மூட்டும் நோக்கம் இருந்ததாகக் குற்றச்சாட்டு. கோபத்தோடு தெருவுக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு, தங்களை அழைத்தது யார் என்றே தெரியாது.

அந்தச் சிறுமியின் பெயரும் முகமும் அன்று எல்லார் ஸ்டேட்டஸிலும் இருந்தன. போக்சோ 23-வது பிரிவு இதைத் தடைசெய்கிறது. பெயர், படம், முகவரி மட்டுமல்ல, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. அந்த வழக்கில் அடையாளத்தை வெளியிட்ட ஊடகங்களை டெல்லி உயர் நீதிமன்றம் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. பேரணியில் பாதிக்கப்பட்ட குழந்தையின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் வந்தால், இறக்கச் சொல்லுங்கள். பள்ளிச் சீருடையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அவர்கள் கையில் 'என்னைத் தொடாதே' அட்டையைக் கொடுத்து வீடியோ எடுப்பதும் எனக்கு ஒப்பவில்லை. அந்த வரிசையில், அந்த வாக்கியத்தை உண்மையிலேயே யாரிடமோ சொல்ல முடியாமல் நிற்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

வீடு திரும்பிய பிறகு

போக்சோ 19-வது பிரிவு ஒவ்வொருவர் மீதும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. ஒரு குழந்தைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தால், நடக்கப் போகிறது என்று சந்தேகம் வந்தாலும், சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, நிறுவனம் போன்றவற்றின் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்ன தகவல் தவறாகிப்போனாலும் உங்கள் மேல் வழக்கு வராது. ஆனால் குழந்தையிடம் நீங்களே விசாரணை நடத்த வேண்டாம். குழந்தை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு, 'நீ சொன்னது நல்லது' என்று மட்டும் சொல்லி, போனை எடுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். அவசரத்துக்கு 112.

நாகர்கோவில் பக்கமிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வந்து போகிறவர்களுக்கு 2024 ஆகஸ்டில் நடந்த ஒன்று நினைவிருக்கும். கழக்கூட்டத்தில் வசித்த அசாம் தொழிலாளர் குடும்பத்தின் 13 வயது மகள், வீட்டில் திட்டியதால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கன்னியாகுமரி ரயிலில் அழுதபடி உட்கார்ந்திருந்த சிறுமியைப் பார்த்த ஒரு பயணிக்கு ஏதோ உறுத்தியது. நெய்யாற்றின்கரை அருகே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார். காணவில்லை என்ற செய்தி வந்ததும் அந்தப் படம் போலீஸுக்குப் போனது. நகரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த தேடல் தெற்கே திரும்பியது. சிறுமி கன்னியாகுமரி போய், அங்கிருந்து சென்னை போய், வடக்கே போகும் இன்னொரு ரயிலில் ஏறியிருந்தார். ஏறத்தாழ ஒன்றரை நாள் கழித்து விசாகப்பட்டினத்தில், அங்குள்ள மலையாளி சங்கத்தினர் ரயிலுக்குள் ஏறித் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

ரயிலில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் 139-க்கும் அழைக்கலாம், டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லலாம். வண்டி எண், பெட்டி எண், அடுத்து வரும் நிலையம் ஆகிய மூன்றையும் முதலில் சொல்லுங்கள். படம் எடுத்திருந்தால் போலீஸுக்கு மட்டும் அனுப்புங்கள், குரூப்பில் போடாதீர்கள்.